தமிழ்நாட்டில் எண்ணெய், எரிவளி, கனிம வள ஆளுகை

தமிழ்நாட்டில் எண்ணெய், எரிவளி, கனிம வள ஆளுகை என்பது அம்மாநிலத்தின் நிலத்தடியிலும் கடற்கரையிலும் அண்மைக் கடலிலும் உள்ள பாறை எண்ணெய், இயற்கை எரிவளி, பழுப்பு நிலக்கரி, உலோகக் கனிமங்கள் ஆகியவற்றை யார் தேடலாம், யார் எடுக்கலாம், அதற்கு யாருடைய ஒப்புதல் தேவை, வரும் வருவாய் யாரைச் சேரும் என்பவற்றைத் தீர்மானிக்கும் சட்டங்கள், அமைப்புகள், நடைமுறைகள் ஆகியவற்றின் தொகுப்பு ஆகும். புதைபடிவ எரிபொருள்களிலிருந்து காற்று, கதிரவன் ஆற்றல்களுக்கும் மின்கலத்தில் ஓடும் ஊர்திகளுக்கும் உலகம் மாறிவரும் காலம் ஆற்றல் மாற்றக் காலம் எனப்படுகிறது. இம்மாற்றம் எண்ணெய், நிலக்கரி ஆகியவற்றின் எதிர்காலத்தைக் கேள்விக்கு உள்ளாக்குகிறது. அதே வேளையில் இலித்தியம், கோபால்ட்டு, தங்குதன், அருமண் தனிமங்கள் முதலிய கனிமங்களின் தேவையைப் பெருக்குகிறது.

இவ்விரு போக்குகளும் தமிழ்நாட்டில் ஒரே நேரத்தில் காணப்படுகின்றன. காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறுகளுக்கு எதிராக உழவர்கள் போராடிச் சட்டம் ஒன்றைப் பெற்றனர். காஞ்சிபுரம் மாவட்டத்தின் வல்லம் வடகால், ஒரகடம், திருப்பெரும்புதூர் பகுதிகளிலோ புதிய ஆற்றலுக்கான பொருள்களைச் செய்யும் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன.

வல்லம் வடகாலும் தொழில் வழித்தடமும்

வல்லம் வடகால் என்பது காஞ்சிபுரம் மாவட்டம் திருப்பெரும்புதூர் வட்டத்தில் சிப்காட் நிறுவனம் அமைத்துள்ள தொழிற்பூங்கா ஆகும். வல்லம், வடகால் ஆகிய ஊர்களின் பெயர்களை இணைத்து இப்பெயர் வழங்குகிறது. வான்வெளித் தொழில்களுக்கான பூங்காவும் இங்கு உள்ளது. ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் விசையுந்துத் தொழிற்சாலை 2017 முதல் இங்கு இயங்குகிறது. சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்குவதற்காக ரூ. 706.50 கோடியில் சிப்காட் கட்டிய விடுதி வளாகம் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்டது.

இதைச் சுற்றியுள்ள வழித்தடத்தில் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், பிள்ளைப்பாக்கம் ஆகிய தொழிற்பூங்காக்கள் அமைந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998 முதல் மகிழுந்துகளைச் செய்துவருகிறது. 2025 ஜனவரியில் அறிமுகமான கிரெட்டா மின் மகிழுந்தும் அங்கேயே செய்யப்படுகிறது. திருப்பெரும்புதூரில் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் கண்ணாடித் தொழிற்சாலை 2000 முதல் இயங்குகிறது. பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் கதிரவத் தகடுத் தொழிற்சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் ஆண்டு உற்பத்தித் திறன் 3.3 கிகாவாட் ஆகும்.

இத்தொழிற்சாலைகளுக்கு வேண்டிய முதன்மைக் கனிமப் பொருள்கள் எவையும் வல்லம் வடகால் மண்ணிலிருந்து கிடைப்பவை அல்ல. அவை பின்வருமாறு அமைகின்றன.

* மின் ஊர்தியின் மின்கலத்துக்கு இலித்தியம், நிக்கல், கோபால்ட்டு, கிராபைட்டு ஆகியவை வேண்டும். இலித்தியம், கோபால்ட்டு, நிக்கல் ஆகிய மூன்றுக்கும் இந்தியா இறக்குமதியையே நம்பியுள்ளது.
* மின்னோடியின் நிலைக்காந்தத்துக்கு நியோடிமியம், பிரசியோடிமியம், டிசிப்ரோசியம் முதலிய அருமண் தனிமங்கள் வேண்டும்.
* பிள்ளைப்பாக்கத்தில் செய்யப்படும் மென்படலத் தகடுகளில் காட்மியமும் தெலூரியமும் சேர்ந்த சேர்மம் பயன்படுகிறது. தெலூரியம் பெரும்பாலும் செப்பைத் தூய்மையாக்கும்போது கிடைக்கும் துணைப்பொருள் ஆகும்.
* கண்ணாடி செய்யச் சிலிக்கா மணலும் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் சோடா உப்பும் வேண்டும். உலையை இடைவிடாது எரிய வைக்க எரிபொருளும் வேண்டும்.
* இந்நான்கு வகைத் தொழிற்சாலைகளுக்கும் மின்கம்பிக்கும் சுருணைக்கும் செம்பு தேவை.

எனவே தொழில் வழித்தடத்தின் எதிர்காலம் மணவாளக்குறிச்சியின் கடல் மணல், தூத்துக்குடியின் மூடப்பட்ட செம்பு உருக்காலை, எண்ணூரின் எரிவளி முனையம், சீனாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு ஆகியவற்றோடு பிணைந்துள்ளது. இவற்றை ஆளும் விதிகள் பெரும்பாலும் ஒன்றிய அரசிடமும், அவற்றின் விளைவுகள் பெரும்பாலும் ஊர்களிடமும் இருக்கின்றன.

அரசியலமைப்பில் அதிகாரப் பகிர்வு

இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை கனிம அதிகாரத்தைப் பின்வருமாறு பிரிக்கிறது.

* ஒன்றியப் பட்டியல், பதிவு 53: எண்ணெய் வயல்கள், கனிம எண்ணெய் வளங்கள், பெட்ரோலியப் பொருள்கள் ஆகியவற்றின் ஒழுங்குமுறையும் மேம்பாடும்.
* ஒன்றியப் பட்டியல், பதிவு 54: பொதுநலன் கருதி நாடாளுமன்றம் அறிவிக்கும் அளவுக்குச் சுரங்கங்கள், கனிம மேம்பாடு.
* ஒன்றியப் பட்டியல், பதிவு 6: அணு ஆற்றலும் அதற்கு வேண்டிய கனிமங்களும்.
* மாநிலப் பட்டியல், பதிவு 23: ஒன்றியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டுச் சுரங்கங்களும் கனிம மேம்பாடும்.
* மாநிலப் பட்டியல், பதிவு 50: நாடாளுமன்றம் விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டுக் கனிம உரிமைகள் மீதான வரி.
* மாநிலப் பட்டியல், பதிவு 14: வேளாண்மை.

கடலைப் பொறுத்தவரை 297 ஆம் உறுப்பின்படி ஆட்சிக்கடல், கண்டத்திட்டு, தனிப் பொருளாதார மண்டலம் ஆகியவற்றின் வளங்கள் யாவும் ஒன்றியத்துக்கே உரியவை.

இப்பகிர்வின்படி எண்ணெயும் எரிவளியும் முழுமையாக ஒன்றிய அரசின் துறை ஆகும். 1948 ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் (ஒழுங்குமுறை, மேம்பாடு) சட்டம் இதற்கு அடிப்படை. இச்சட்டம் 2025 இல் திருத்தப்பட்டபோது நிலக்கரிப் படுகை மீத்தேன், மென்களிக்கல் எரிவளி ஆகியவையும் கனிம எண்ணெய் என்னும் வரையறைக்குள் சேர்க்கப்பட்டன. ஏனைய கனிமங்களுக்கு 1957 ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் (மேம்பாடு, ஒழுங்குமுறை) சட்டம் பொருந்தும். இதன்படி மணல், சரளை, கட்டடக் கல் முதலிய சிறு கனிமங்களுக்கு விதி செய்யும் அதிகாரம் மாநிலத்துக்கு விடப்பட்டுள்ளது. பெருங்கனிமங்களுக்கு விதி செய்வது ஒன்றியம், குத்தகை வழங்குவது மாநிலம் என்பது பொது நிலை.

2023 திருத்தம் இப்பொது நிலையை மாற்றியது. இலித்தியம், தங்குதன், தெலூரியம், காட்மியம், அருமண் தொகுதி உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களின் ஏலத்தை நடத்தும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கு மட்டும் என அது வரையறுத்தது. ஏலத்தொகையும் உரிமத்தொகையும் மாநிலத்துக்கே செல்லும். குத்தகைப் பத்திரத்தையும் மாநிலமே வழங்க வேண்டும். ஆனால் எந்த இடத்தை ஏலத்துக்குக் கொண்டுவருவது என்னும் முடிவு மாநிலத்தின் கையில் இல்லை.

காவிரிப் படுகை

எண்ணெய், எரிவளி உற்பத்தி

1956 இல் தொடங்கப்பட்ட எண்ணெய், இயற்கை எரிவளி நிறுவனம் (ஓஎன்ஜிசி) காவிரிப் படுகையில் நெடுங்காலமாக எண்ணெயும் எரிவளியும் எடுத்துவருகிறது. நாகப்பட்டினம் மாவட்டத்தின் நரிமணம், இங்கு அறியப்பட்ட எண்ணெய் வயல்களுள் ஒன்று. நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் ஒரு தூய்மிப்பு ஆலை 1993 இல் அமைந்தது. படுகையில் கிடைக்கும் எரிவளியைக் கொண்டு கோவில்களப்பால், குத்தாலம், வழுதூர் ஆகிய இடங்களில் மாநில மின் வாரியம் மின் நிலையங்களை நிறுவியது. எனவே இப்பகுதி மக்களுக்கு எரிவளி எடுப்பு புதிதன்று. எதிர்ப்பு வலுத்தது 2010க்குப் பின் வந்த புதிய திட்டங்களால் ஆகும்.

மீத்தேன் திட்டமும் நெடுவாசலும்

மன்னார்குடி வட்டாரத்தின் ஆழத்தில் பழுப்பு நிலக்கரிப் படிவுகள் உள்ளன. அவற்றில் அடைபட்டுள்ள மீத்தேனை எடுப்பதற்கு 691 சதுர கிலோமீட்டர் பரப்பு 2010 இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. 2011 ஜனவரியில் மாநில அரசும் அதனுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தது. நிலக்கரிப் படிவிலிருந்து மீத்தேன் வெளிவர வேண்டுமானால் முதலில் அப்படிவில் உள்ள நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். நிலத்தடி நீரை நம்பியும் கடல்நீர் உட்புகும் அச்சத்துடனும் வாழும் கடைமடை உழவர்களுக்கு இதுவே முதற்கவலை ஆயிற்று. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் இத்திட்டத்துக்கு எதிரான பரப்புரையில் ஈடுபட்டிருந்தபோது 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே காலமானார். மாநில அரசு 2013 இல் திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழு அமைத்தது. 2015 இல் அனுமதி இல்லை என அறிவித்தது.

2017 பிப்ரவரியில் கண்டறியப்பட்ட சிறு வயல்கள் கொள்கையின் கீழ் ஏலம் விடப்பட்ட இடங்களுக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அவற்றுள் புதுக்கோட்டை மாவட்டத்தின் நெடுவாசலும் ஒன்று. அறிவிப்பு வந்த சில நாள்களிலேயே அங்கு தொடர் போராட்டம் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டது. அதை ஒட்டிய போராட்டமும் கைதுகளும் மாநிலமெங்கும் கவனம் பெற்றன.

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம்

2020 ஜனவரியில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைத் திருத்தியது. எண்ணெய், எரிவளி தேடலுக்கான துளையிடலுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என அது கூறியது. இதற்கு எதிர்ப்புக் கிளம்பிய நிலையில், 2020 பிப்ரவரி 9 அன்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிப்பதாகத் தெரிவித்தார். அதே மாதம் 20 ஆம் நாள் சட்டப் பேரவையில் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் இம்மண்டலத்துள் அடங்கின. நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்த மயிலாடுதுறை மாவட்டத்தின் பெயர் பின்னர்த் திருத்தம் வழியே சேர்க்கப்பட்டது. எண்ணெய், இயற்கை எரிவளி, நிலக்கரிப் படுகை மீத்தேன், மென்களிக்கல் எரிவளி ஆகியவற்றுக்கான புதிய தேடல், துளையிடல், எடுப்பு ஆகியவற்றையும், செம்பு, துத்தநாக, அலுமினிய உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலைகள் முதலியவற்றையும் சட்டம் தடை செய்கிறது.

இச்சட்டத்துக்கு மூன்று வரம்புகள் உள்ளன.

* சட்டம் வருவதற்கு முன்பே நடைபெற்றுவந்த பணிகளை அது தடுக்கவில்லை.
* துறைமுகம், குழாய்வழி, சாலை, மின்சாரம் முதலிய உள்கட்டமைப்புப் பணிகளுக்கு அது விலக்கு அளிக்கிறது.
* மண்டல எல்லைக்கு வெளியேயும் கடலிலும் அது செல்லாது.

எண்ணெய் வயல்கள் ஒன்றியப் பட்டியலிலும் வேளாண்மை மாநிலப் பட்டியலிலும் இருப்பதால், மாநிலம் வேளாண்மை என்னும் வாயில் வழியாகவே இத்துறைக்குள் நுழைந்துள்ளது. இதுவே இச்சட்டத்தின் வலிமையும் அதன் மீதான சட்டக் கேள்வியும் ஆகும்.

சட்டத்துக்குப் பின்

2023 மார்ச்சில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகத்தின் ஏல அறிவிப்பில் வடசேரி (தஞ்சாவூர்), மைக்கேல்பட்டி (அரியலூர்), சேத்தியாத்தோப்பு கிழக்கு (கடலூர்) ஆகிய பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் இடம்பெற்றன. முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2020 சட்டத்தைச் சுட்டிக்காட்டித் தலைமை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். சில நாள்களில் மூன்று தொகுதிகளும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. மைக்கேல்பட்டி அமைந்துள்ள அரியலூர் மாவட்டம் பாதுகாக்கப்பட்ட மண்டலத்தில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

2025 ஆகஸ்டில் இராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓஎன்ஜிசிக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி வழங்கிய செய்தி வெளியானது. 2020 இல் செய்யப்பட்ட திருத்தத்தின் விளைவாக இத்தகைய தேடல் பணிகளுக்குக் கருத்துக்கேட்பு இன்றியே மாநில ஆணையம் அனுமதி வழங்க இயலும். எதிர்ப்பு எழுந்தபின் அவ்வனுமதியைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசு ஆணையத்தை அறிவுறுத்தியது. காவிரிப் படுகையின் ஆழ்கடல் பகுதியிலும் ஓஎன்ஜிசிக்குத் தேடலுக்காகப் பரப்பு ஒதுக்கப்பட்டுள்ளது. 297 ஆம் உறுப்பின் காரணமாகக் கடலில் மாநிலத்துக்கு உரிமைப் பங்கு இல்லை. மீனவர்களின் மறுப்பைப் பதிவு செய்வதற்கான வழிகளும் குறைவு.

குழாய்வழிகளும் எண்ணூர் முனையமும்

நிலத்தடி எரிவளிக்கு எதிர்ப்பு வலுத்த அதே காலத்தில் இறக்குமதி எரிவளியின் பயன்பாடு பரவியது. எண்ணூரில் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் கொள்திறன் உள்ள நீர்ம இயற்கை எரிவளி முனையம் 2019 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. அங்கிருந்து திருவள்ளூர், பெங்களூர், புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி ஆகிய இடங்களை இணைக்கும் குழாய்வழித் திட்டம் வகுக்கப்பட்டது. 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பெட்ரோலிய, இயற்கை எரிவளி ஒழுங்குமுறை வாரியம், நகர எரிவளி வழங்கும் உரிமத்தை மாவட்டவாரியாக ஏலமுறையில் அளிக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டமும் இவ்வாறு உரிமம் வழங்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று.

குழாய்வழிகளுக்கு 1962 ஆம் ஆண்டின் பெட்ரோலிய, கனிமக் குழாய்வழிகள் (நிலத்தில் பயன்பாட்டு உரிமை எடுத்தல்) சட்டம் பொருந்தும். இதன்படி நிலம் உழவரின் பெயரிலேயே இருக்கும்; ஆனால் குழாய் செல்லும் பட்டையில் கட்டடம் கட்டவோ மரம் நடவோ இயலாது. கெயில் நிறுவனத்தின் கொச்சி – பெங்களூர் குழாய்வழி கொங்கு மண்டல மாவட்டங்களின் வயல்கள் வழியே செல்வதை மாநில அரசு 2013 இல் எதிர்த்தது. சாலையோரமாக வழியை மாற்றுமாறு அது கேட்டது. சென்னை உயர் நீதிமன்றம் கெயிலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2016 பிப்ரவரியில் மாநிலத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பதிவு 53 இன் வலிமையைக் காட்டும் எடுத்துக்காட்டாக இவ்வழக்கு கூறப்படுகிறது.

நெய்வேலி

1956 இல் நிறுவப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (தற்போது என்எல்சி இந்தியா) ஒன்றிய அரசின் பொதுத்துறை நிறுவனம் ஆகும். திறந்தவெளிச் சுரங்கம் ஆதலால் அதற்குத் தொடர்ந்து புதிய நிலம் தேவைப்படுகிறது. 2023 ஜூலையில் வளையமாதேவி ஊரில், இரண்டாம் சுரங்கத்தை ஒட்டிப் பரவனாற்றுக்கு மாற்றுவழி வெட்டுவதற்காகக் கதிர்விடும் நிலையில் இருந்த நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறக்கப்பட்டன. நிலத்துக்கு முன்பே இழப்பீடு கொடுக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. அறுவடை வரை காத்திருந்திருக்கலாம் என்பது உழவர்களின் வாதம். இவ்வழக்கைக் கேட்ட சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியும் பயிர் அழிக்கப்பட்டது குறித்து வருத்தம் தெரிவித்தார்.

ஆற்றல் மாற்றம் நெய்வேலியில் இருமுகம் கொண்டது. நிறுவனம் கதிரவ, காற்று மின் திட்டங்களில் முதலீடு செய்துவருகிறது. எனினும் சுரங்கம் மூடப்படும் நாளில் நிலம் கொடுத்தவர்களின் வேலை, ஒப்பந்தத் தொழிலாளர் நிலை, தோண்டிய நிலத்தின் மீட்பு ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்பது ஆளுகையின் முக்கியக் கேள்வி ஆகும்.

முக்கியக் கனிமங்கள்

அரிட்டாபட்டி

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தின் அரிட்டாபட்டி, குடைவரைக் கோயிலும் தமிழிக் கல்வெட்டும் சமணப் படுக்கைகளும் கொண்ட ஊர். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் 193.42 எக்டேர் பரப்பு 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பர் 7 அன்று, இத்தலத்தையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 2,015 எக்டேர் நாயக்கர்பட்டி தங்குதன் தொகுதிக்கு இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தெரிவு பெற்ற ஏலதாரராக அறிவிக்கப்பட்டது. 2023 திருத்தத்தின் கீழ் ஒன்றிய அரசு நடத்திய ஏலம் இது.

ஊர் அவைகள் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. 2024 டிசம்பர் 9 அன்று சட்டப் பேரவையும் திட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் மதுரை நோக்கிப் பேரணியாகச் சென்றனர். ஜனவரி 23 அன்று ஒன்றியச் சுரங்க அமைச்சகம் ஏலத்தை நீக்கம் செய்வதாக அறிவித்தது.

கடற்கரை மணல்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியில் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டு இருப்பதைச் செருமானிய வேதியியலாளர் சோம்பர்க்கு 1909 இல் கண்டறிந்தார். தற்போது ஐஆர்இஎல் என்னும் ஒன்றிய அரசு நிறுவனம் அங்கு இல்மனைட்டு, ரூட்டைல், சிர்க்கோன், மோனசைட்டு ஆகியவற்றைப் பிரித்தெடுக்கிறது. மோனசைட்டில் தோரியமும் அருமண் தனிமங்களும் சேர்ந்தே உள்ளன. தோரியம் காரணமாக அது அணு ஆற்றல் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. இந்தியாவில் 131.5 இலட்சம் டன் மோனசைட்டும் அதில் 72.3 இலட்சம் டன் அருமண் ஆக்சைடும் இருப்பதாக ஒன்றிய அரசு மதிப்பிட்டுள்ளது. இந்திய மோனசைட்டில் நியோடிமியம் உள்ளது. உயர் வெப்பத்தைத் தாங்கும் காந்தங்களுக்கு வேண்டிய டிசிப்ரோசியம், டெர்பியம் ஆகியவை மிகக் குறைவு.

தனியார் நிறுவனங்கள் கடற்கரை மணல் எடுப்பதை மாநில அரசு 2013 இல் தடை செய்தது. முறைகேடுகள் தொடர்பாக ஒன்றியப் புலனாய்வு அமைப்பின் விசாரணைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் ஆணையிட்டது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 எக்டேர் பரப்பில் மணல் எடுக்க ஐஆர்இஎல் முன்வைத்த திட்டத்தைக் கடலோர மக்கள் எதிர்க்கின்றனர். மணல்மேடு குறைந்தால் கடலரிப்பு மிகும் என்பதும் கதிரியக்கம் குறித்த அச்சமும் அவர்களின் கவலைகள். 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றின் சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. நாட்டின் பாதுகாப்பும் கனிமத் தேவையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன.

செம்பு

தூத்துக்குடி ஸ்டெர்லைட் செம்பு உருக்காலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே 22 அன்று நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து ஆலை மூடப்பட்டது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் ஆலையைத் திறக்கக் கோரிய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஆலை மூடப்பட்டபின் இந்தியா தூய செம்பை ஏற்றுமதி செய்யும் நாடு என்னும் நிலையிலிருந்து இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. ஒன்றிய அரசு 2023 இல் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் செம்பும் இடம்பெற்றுள்ளது. ஒரு பொருள் நாட்டுக்கு இன்றியமையாதது என்பதால் மட்டும் அதைச் செய்யும் ஆலையின் மாசு ஏற்கத்தக்கது ஆகிவிடாது என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

வருவாய்ப் பகிர்வு

நிலப்பகுதியில் எடுக்கப்படும் எண்ணெய், எரிவளிக்கான உரிமத்தொகை மாநிலத்துக்கும், கடலில் எடுக்கப்படுவதற்கான உரிமத்தொகை ஒன்றியத்துக்கும் செல்கிறது. 2015 திருத்தத்தின்படி கனிமச் சுரங்கங்கள் உள்ள மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் அமைக்கப்பட்டன. உரிமத்தொகையுடன் கூடுதலாக, பழைய குத்தகைகளுக்கு அதன் 30 விழுக்காடும் ஏலவழிக் குத்தகைகளுக்கு 10 விழுக்காடும் இவ்வறக்கட்டளைக்குச் செலுத்தப்பட வேண்டும். இந்நிதி பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீர், நலவாழ்வு, கல்வி ஆகியவற்றுக்குச் செலவிடப்பட வேண்டும். ஆனால் இவ்வேற்பாடு 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் கனிமங்களுக்கு மட்டுமே உரியது. எண்ணெய்க் கிணறுகள் உள்ள ஊர்களுக்கு இதற்கு இணையான சட்டவழி நிதி கிடையாது.

கனிமங்கள் மீது மாநிலம் வரி விதிக்கலாமா என்னும் வழக்கிலும் தமிழ்நாட்டுக்கு முதன்மை இடம் உண்டு. இந்தியா சிமெண்ட்ஸ் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் (1989) உரிமத்தொகையும் ஒரு வரியே என உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு கூறியது. அதனால் மாநிலங்களின் வரி அதிகாரம் சுருங்கியது. 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 8:1 என்னும் பெரும்பான்மையில் அத்தீர்ப்பை மாற்றி, உரிமத்தொகை வரி ஆகாது என்றும் மாநிலங்கள் கனிம உரிமை மீது வரி விதிக்கலாம் என்றும் கூறியது. அதே ஆண்டு தமிழ்நாடு கனிமவளம் கொண்ட நிலங்கள் மீதான வரிச் சட்டம் இயற்றப்பட்டு 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன் ஒன்றுக்கு ரூ. 160 என வரி விதிக்கப்பட்டது.

பிற நாடுகளில்

* நோர்வே தன் எண்ணெய் வருவாயைச் சேமிக்க 1990 இல் சட்டம் இயற்றித் தனி நிதியத்தை அமைத்தது. எடுத்த வளம் தீர்ந்தபின் பிறக்கும் தலைமுறைக்கும் பங்கு உண்டு என்பது அதன் அடிப்படை.
* இந்தோனேசியா 2020 இல் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடை செய்து, தாதுவை உள்நாட்டிலேயே உருக்க வைத்தது. வேலைவாய்ப்புப் பெருகிய அதே வேளையில் காடழிவும் நிலக்கரி மின் நிலையங்களும் பெருகின.
* சிலி 2023 இல் இலித்தியத் தொழிலில் அரசின் பங்கை உயர்த்தும் கொள்கையை அறிவித்தது.
* இலங்கையில் புல்மோட்டைக் கடற்கரையின் இல்மனைட்டு மணலை அரசு நிறுவனம் எடுத்துவருகிறது. மன்னார்ப் படுகையில் 2011 இல் எரிவளி கண்டறியப்பட்டபோதும் வணிக உற்பத்தி தொடங்கவில்லை.
* சீனா 2025 ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்கள், அவற்றால் ஆன காந்தங்கள் ஆகியவற்றின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் ஆக்கியது. இந்திய ஊர்தித் தொழிற்சாலைகளுக்குக் காந்தத் தட்டுப்பாடு ஏற்பட்டது.

இதன்பின் ஒன்றிய அரசு 2025 நவம்பரில் உள்நாட்டில் ஆண்டுக்கு 6,000 டன் அருமண் காந்தம் செய்வதற்கு ரூ. 7,280 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதற்கு முன் 2025 ஜனவரியில் ரூ. 16,300 கோடி மதிப்பில் தேசிய முக்கியக் கனிம இயக்கம் தொடங்கப்பட்டது. வெளிநாட்டுச் சுரங்கங்களைப் பெற 2019 இல் அமைக்கப்பட்ட காபில் நிறுவனம், 2024 ஜனவரியில் அர்கெந்தீனாவின் கட்டமார்க்கா மாநிலத்தில் ஐந்து இலித்தியத் தொகுதிகளுக்கு உடன்படிக்கை செய்தது.

மறுசுழற்சி

பழைய மின்கலங்களிலும் மின்னணுக் கருவிகளிலும் உள்ள உலோகங்களை மீட்பது சுரங்கத் தேவையைக் குறைக்கும் வழி ஆகும். 2022 ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், மின்கலத்தை விற்கும் உற்பத்தியாளரே அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யப் பொறுப்பு உடையவர் என வகுத்தன. 2025 செப்டம்பரில் முக்கியக் கனிம மறுசுழற்சிக்கு ரூ. 1,500 கோடி ஊக்கத் திட்டம் ஒப்புதல் பெற்றது. ஊர்தி, கைப்பேசி, கதிரவத் தகடு ஆகிய மூன்றும் செய்யப்படும் திருப்பெரும்புதூர் – ஒரகடம் வழித்தடம் இத்தொழிலுக்கு இயல்பான இடமாக அமையக்கூடும். எனினும் மின் ஊர்திகளின் முதல் தலைமுறை மின்கலங்கள் பயன் முடிந்து பெருமளவில் திரும்ப வரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை புதிய தாதுவின் தேவை தொடரும்.

திறனாய்வு

மேற்கண்ட நிகழ்வுகளில் ஒரு பொது ஒழுங்கு காணப்படுகிறது. நெடுவாசல், சேத்தியாத்தோப்பு, அரிட்டாபட்டி ஆகிய மூன்றிலும் இடம் தெரிவு செய்யப்பட்டு ஏல நடவடிக்கை தொடங்கிய பின்னரே ஊர் மக்களுக்குச் செய்தி தெரிந்தது. சேத்தியாத்தோப்பிலும் அரிட்டாபட்டியிலும் பணி நின்றது ஒன்றிய அரசு பின்வாங்கியதால் ஆகும். முன்கூட்டியே மறுப்புத் தெரிவிக்க ஊருக்கு உதவும் நடைமுறை எதுவும் அங்குப் பயன்படவில்லை. பெரிய அளவில் திரள இயலாத ஊர்களுக்கு இவ்வழி கிட்டாது என்பது இம்முறையின் குறை.

மறுபுறம், எல்லா இடங்களிலும் எடுப்பை மறுத்துவிட்டு, எடுத்த பொருளை மட்டும் இறக்குமதி செய்வது பாதிப்பை இல்லாமல் ஆக்குவதில்லை. அதைக் காங்கோவின் கோபால்ட்டுச் சுரங்கங்களுக்கும் பிற நாட்டு ஊர்களுக்கும் இடம் மாற்றுகிறது என்னும் வாதமும் உண்டு. இந்தியா 2070 ஆம் ஆண்டுக்குள் நிகரச் சுழிய உமிழ்வை எட்டுவதாக 2021 இல் அறிவித்துள்ளது. அவ்விலக்குக்கு வேண்டிய கனிமங்கள் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் இடையில் ஆய்வாளர்களும் மக்கள் அமைப்புகளும் முன்வைக்கும் பரிந்துரைகள் பின்வருமாறு.

* ஏலத்துக்கு முன்பே மாநிலத்தின் கருத்தையும் ஊர் அவையின் கருத்தையும் பெறுதல்.
* நீர்நிலை, மரபுத் தலம், நன்செய் ஆகியவற்றை ஏலத் தொகுதியின் எல்லை வரையும்போதே விலக்குதல்.
* ஒப்பந்தங்களையும் நீர், காற்றுத் தர அளவீடுகளையும் தமிழில் பொதுவில் வெளியிடுதல்.
* எண்ணெய், எரிவளி எடுக்கப்படும் ஊர்களுக்கும் மாவட்டக் கனிம அறக்கட்டளை போன்ற நிதியை ஏற்படுத்துதல்.
* கைவிடப்பட்ட கிணறுகளையும் சுரங்கங்களையும் மூடி மீட்பதற்கான செலவை முன்வைப்பாகப் பெறுதல்.

கருத்துக்கேட்பை நீக்கும் 2020, 2025 ஆம் ஆண்டுகளின் மாற்றங்கள் இப்பரிந்துரைகளுக்கு எதிர்த்திசையில் செல்கின்றன. கருத்துக்கேட்பு நீக்கப்படும்போது எதிர்ப்பு மறைவதில்லை. அது திட்டத்தின் தொடக்கத்தில் எழுவதற்குப் பதிலாக, முதலீடு செய்யப்பட்ட பின் சாலையிலும் நீதிமன்றத்திலும் எழுகிறது. இதனால் ஊர்களுக்கு மட்டுமன்றி, கனிம வரத்தை எதிர்பார்த்து நிற்கும் தொழிற்சாலைகளுக்கும் காலத்தாழ்வு ஏற்படுகிறது.